கரிக்குழாய் ரீட்டா

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் கையை நீட்டியே விட்டாள். ரீட்டா தூக்குவாளியை இன்னும் இறுக்கி மடியோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு குலை பன்னீர் திராட்சை. "ஒரு பழம் குடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்று முனகிக்கொண்டே அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராயப்பன்பட்டியிலிருந்து தேனிக்குப் போகும் திங்கட்கிழமை பஸ்ஸில் ரீட்டாவுக்குக் கஞ்சப்பிசினாரி என்று பெயர். அதற்கெல்லாம் அவள் அசைகிற ஆள் இல்லை.

தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊரில் 'கரிக்குழாய் ரீட்டா' என்றால்தான் தெரியும். அவள் கையாளும் கார்பன் நானோகுழாய், பார்வைக்கு வெறும் அடுப்புக்கரித் தூள். ஒரு தலைமுடியைப் பல்லாயிரம் இழையாகக் கிழித்தால் ஓர் இழை எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு மெல்லியது ஒவ்வொரு குழாயும். தண்ணீரில் போட்டால் கட்டிகட்டியாகச் சேர்ந்துகொண்டு அடம்பிடிக்கும். டி.என்.ஏ. இழையைச் சுற்றிவிட்டால் பிரிந்து அடங்கும். பிறகு லேசரைப் பாய்ச்சினால் ஒளிரும். அந்த ஒளி நம் கண்ணுக்கு எட்டாது. அதற்கென்று உள்ள கேமராவுக்குத்தான் தெரியும். பூச்சிமருந்தின் மூலக்கூறு வந்து ஒட்டினால் ஒளி மங்கிவிடும்.

பழம் பறிக்கும் முன்பே, பந்தலடியில் வைத்தே, மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதுதான் அவள் பிடிவாதம். கல்யாணப் பேச்சை எடுத்தாலும் இதில்தான் வந்து முடிப்பாள்.

மருந்தடித்த பழம், அடிக்காத பழம் இரண்டையும் குழாய் பிரித்துக் காட்ட வேண்டும். அடிக்காத பழத்துக்கு அவள் நம்பியது வீட்டுக்கொடியை. அவர்கள் தோட்டத்தில் ஓரமாக ஒரு கொடியை வீட்டுப் பிள்ளைகள் தின்பதற்கென்று மருந்து படாமல் விட்டுவைப்பது வழக்கம். அம்மா செபஸ்தியம்மாள் அதில் பறித்துக் கொடுப்பதைத்தான் வாராவாரம் தூக்குவாளியில் கொண்டுபோவாள். ஆனால் அந்தச் சாற்றிலும் ஒளி மங்கியது. வெறும் தண்ணீரில் ஜோராக ஒளிர்ந்த குழாய், வீட்டுப் பழத்தைக் கண்டதும் படுத்துக்கொண்டது. சாற்றில் உள்ள வேறேதோ குறுக்கே வருகிறது என்றார்கள் உடன் படிப்பவர்கள். ரீட்டா இழையை மாற்றிச் சுற்றினாள், சாற்றை வடிகட்டினாள், மறுபடி முதலிலிருந்து செய்தாள். வழிகாட்டிப் பேராசிரியை ஹேமாவதி தன்மையாகத்தான் சொன்னார்: இந்த மாதத்துக்குள் சரிவரவில்லை என்றால் வேறு தலைப்புக்குப் போய்விடலாம்.

"எங்குழாய் பொய் சொல்லாது மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை பழத்தைத் தானே பறிப்பது என்று முடிவு செய்து, சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தோட்டம். அங்கே வீட்டுக்கொடிக்குக் கீழே, முதுகில் ஸ்பிரேயரோடு அம்மா.

"இதுக்கு எதுக்கும்மா மருந்து?"

செபஸ்தியம்மாளுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. "காலேஜுக்குப் போற பழம்ல ஆத்தா. படிச்சவுக பாக்குற எடத்துல நம்ம பழம் சொத்தையும் புள்ளியுமா நிக்கலாமா? நீ கேட்ட நாள்லேருந்து லேசா அடிச்சு விடுறேன். பிள்ளைகள இங்கன அண்டவிடுறதில்ல."

ரீட்டாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அது வாய்க்கு வருவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. கூடவே கண்ணும் கலங்கியது. இத்தனை மாதமும் குழாய் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியாமல் அம்மா ஸ்பிரேயரை இறக்கினாள். "தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டபடி, மருந்து சொட்டிய கையை முந்தானையில் துடைக்கப் போனாள்.

"தொடைக்காத, எங்குழாய்க்கு வேணும்" என்று ரீட்டா மணிக்கட்டைப் பிடித்தாள். பையிலிருந்து காலிக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து அந்தக் கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் பிடித்தாள். மூடியைத் திருகினாள். மேலே ஒட்டியிருந்த தாளில் 'அம்மா' என்று எழுதினாள்.