நடுகல் மேல் ஒரு கோழி

புதுச்சத்திரம் தாண்டி, மரவள்ளித் தோட்டத்துக்குள் ஒரு நடுகல். புலியைக் குத்தும் வீரனின் தலைமேல் ஒரு நாட்டுக்கோழி உட்கார்ந்திருக்கிறது. நான் கல்லைப் படமெடுக்கத்தான் வந்தேன். தோட்டத்துக்காரரோ என்னைச் சாப்பிட வைக்காமல் விடுவதாக இல்லை. அந்தக் கோழியைப் பிடிக்க வேட்டியை மடித்துக் கட்டுகிறார்.

பக்கத்திலேயே அவருடைய பண்ணை. நீளக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள் கொக்கரிக்கின்றன.

"அதுல ஒண்ணு போதாதுங்களா?" என்கிறேன்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஆராச்சும் பண்ணைக் கோழி அடிப்பாங்களா? அதெல்லாம் விக்கறதுக்குங்க. நீங்க அந்தப் பக்கம் மறிச்சு நில்லுங்க."

மறித்து நிற்கிறேன். கோழி என் கால்களுக்கு நடுவே புகுந்து, வரப்பைத் தாண்டி, புளியமரத்தில் ஏறிவிடுகிறது. அவர் பார்வையில் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் குறைகிறது.

மதியம் களியும் முட்டைக் குழம்பும். "பண்ணை முட்டைதானுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அவர் மனைவி கூச்சத்தோடு பரிமாறுகிறார். இரண்டு முட்டை தின்றுவிட்டுக் கை கழுவ வெளியே வந்தால், கோழி மறுபடியும் வீரன் தலைமேல்.

தோட்டத்துக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ராத்திரிக்கு இருந்துட்டுப் போங்க," என்கிறார். "பொழுது சாஞ்சா அதுக்குக் கண்ணு தெரியாதுங்க."