கன்னட மெஷினுக்கு வைத்த சந்தனம்

எனக்குப் புரொபேஷன் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. ஓசூரில் டைப்ரைட்டர் செய்யும் கம்பெனி. நான் பிறப்பதற்கு வெகு முன்பே அதன் கறுப்பு இரும்பு மெஷின்கள் தாலுகா ஆபீஸ்களில் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. காவேரிப்பட்டினத்தில் நான் டைப்பிங் பரீட்சையில் லோயர், ஹையர் பாஸ் செய்ததும் அந்தக் கம்பெனி மெஷினில்தான். அது பிறக்கிற இடத்திலேயே வேலை என்றால் தலைகால் புரியுமா?

தயாராகி வரும் ஒவ்வொரு மெஷினிலும், எல்லா எழுத்தும் இருக்கிற மாதிரி ஒரு வரியை அடித்துப் பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் வரும். கன்னடம் நன்றாகவே பேசுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு வரி மட்டும் விரலுக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, பெங்களூருக்குப் போக வேண்டிய இருபது கன்னட மெஷின்கள் மேஜைமேல் வரிசையாக இருந்தன. பொட்டு வைப்பது என் பொறுப்பு. ஃபோர்மேன் மூடிமேல் வைக்கச் சொன்னார். எனக்கா மனசு கேட்கும்? உழைப்பது எழுத்து, பொட்டு மூடிக்கா? மூடியைத் தூக்கி, எழுத்துக் கம்பிகள் மேலேயே சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன்.

லீவு முடிந்து வந்து ஒரு கீயைத் தட்டினால், மேலே போன எழுத்து கீழே வரவில்லை. சந்தனம் கம்பிகளுக்கு நடுவே வழிந்து காய்ந்து கெட்டியாகியிருந்தது. சரக்கைப் பார்க்க, மெஷின்களை வாங்கும் பெங்களூர் ஆபீஸின் அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"ஏம்மா, மூடிக்குன்னுதானே சொன்னேன்! கை சும்மா இருக்காதா உனக்கு?" என்று கத்திக்கொண்டே ஃபோர்மேன் பெட்ரோல் டப்பாவும் பல் பிரஷ்களும் கொண்டுவந்தார். லைனில் இருந்த எட்டுப் பேரும் பாய்ந்தார்கள். தமிழில் திட்டினார்கள், தெலுங்கில் திட்டினார்கள், தேய்ப்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. பயம் ஒரு பக்கம், எனக்காக இத்தனை பேரா என்ற குஷி ஒரு பக்கம்.

கடைசி மெஷினைத் துடைக்கவும் அதிகாரி நுழையவும் சரியாக இருந்தது.

"என்னம்மா, இவ்ளோ பெட்ரோல் வாசனை?" என்று என்னைக் கேட்டார்.

ஃபோர்மேன் வாயைத் திறப்பதற்குள் சந்தனம், புரொபேஷன் எல்லாவற்றையும் கன்னடத்தில் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மெஷினைக் காட்டினார். "ஒரு பக்கம் முழுசா அடி. ஒரு எழுத்து சிக்கினாலும் இருபதும் வேணாம்."

எதை அடிப்பது? தெரிந்ததே ஒரு வரி. அதையே அடித்தேன். வரி முடிந்து மெஷின் மணி அடிக்க அடிக்க ரோலரைத் தள்ளி மறுபடி அதையே அடித்தேன். ஐந்தாவது வரியில் பயம் போய்விட்டது. பத்தாவதில் வேகம் தலைக்கேறியது. அப்படியொரு சந்தோஷம்!

அவர் தாளை உருவிப் படித்தார்.

"பூரா ஒரே வரியா?"

"கன்னடம் படிக்க வராது. அது ஒண்ணுதான் சார் தெரியும்."

இப்போது சிரித்தார். ஃபோர்மேனிடம் திரும்பி, "படிக்கத் தெரியாத பொண்ணு ஒரு பக்கம் தப்பில்லாம அடிச்சிருக்கு. இவளை அனுப்பிட்டா எனக்கு மெஷினே வேணாம்" என்றார்.

"இவளை யாரு சார் அனுப்பறா?" என்றார் ஃபோர்மேன், காலையிலிருந்து என்னைத் திட்டிய அதே குரலில்.

நான் அங்கேயே விக்கி விக்கி அழுதுவிட்டேன்.