கணக்கில் வராத குழம்பு மீன்

எந்தச் சரக்கை வைத்து வேண்டுமானாலும் கணினியில் மாதிரி, அதாவது மாடல், கட்டலாம் என்றார் ஆன்லைனில் பயிற்சி தந்த சார். சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, யாருக்குப் போகிறது என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்து, கொஞ்சம் நிரலும் எழுதினால், நாளைக்கு எதை எங்கே அனுப்பலாம் என்று அதுவே திட்டம் போட்டுத் தரும். மற்றவர்கள் சோப்பு, சிமென்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மீனை எடுத்தேன். காரைக்கால் ஹார்பரில் அண்ணனின் விசைப்படகு நிற்கிறது. எனக்கு வேறு என்ன தெரியும்?

விளையாட்டுக்குப் படிக்கவில்லை. அந்தப் படகில் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு வலை இழுக்கும்போது முதுகு போய்விட்டது. இனிமேல் கடல் கிடையாது. இந்த மாதிரியைக் கட்டித் தேர்வில் தேறினால் வீட்டிலிருந்தே வேலை கிடைக்கும். தேறாவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்தால் கை ஓடாது.

ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் கவலை மறந்துபோகும். அந்த மென்பொருளுக்கு ஒரு மண்ணும் தெரியாது, அதுதான் வேடிக்கை. காரைக்காலுக்கும் பாண்டிக்கும் மாநிலம் புதுச்சேரி என்று தட்டினேன். இரண்டும் அடுத்தடுத்த தெரு என்று எடுத்துக்கொண்டு, ஏலம் முடிந்த கையோடு மீனைப் பாண்டியில் இறக்கிவிட்டது. எல்லையில் இருக்கிற பூவம் தாண்டினால் தமிழ்நாடு, அப்புறம் எத்தனையோ ஊர், அதற்கப்புறம்தான் பாண்டி என்று பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. ஐஸ் உருகும் என்றுகூடச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மல்லுக்கு நின்றது. அண்ணன் தந்த தினக் கணக்கில், படகிலிருந்து இறங்கிய மீனும் ஏலத்தில் விற்ற மீனும் ஒத்துப்போகவில்லை. தினமும் கொஞ்சம் குறைந்தது. நிரலில்தான் தப்பு என்று வரி வரியாகத் துழாவிப் பார்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏண்ணே, தெனம் மீனு கொறயுதே, எங்க போவுது?"

"கொழம்பு மீனச் சேத்தியா?"

என் அடுப்பில் சங்கரா மீன் கொதித்துக்கொண்டிருந்தது. கூடை ஏலத்துக்குப் போகும் முன்பே, கடலுக்குப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பை மீன் ஒதுக்கிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவளுக்கு அது சரக்கு என்றே தோன்றவில்லை. காணாமல் போன மீனைத் தேடிக்கொண்டே அதைக் குழம்பு வைத்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பை போகிற வீடுகளையும் மாதிரியில் சேர்த்தேன். அந்த மீனுக்கு விலை இல்லை என்று தெரிந்ததும், மென்பொருள் அத்தனை வீட்டுக்கும் பூஜ்யம் போட்டது. அடப்பாவி என்று திட்டிவிட்டு, முதலில் வீடு, அப்புறம்தான் ஏலம் என்று மீற முடியாத விதியாக எழுதி வைத்தேன்.

தேர்வன்று வீடியோவில் என் மாதிரியைப் பார்த்த சார் அந்த விதியில்தான் வந்து நின்றார்.

"இந்த விதிய எடுத்துட்டா லாபம் ஏறும்ல?"

"ஏறும் சார். ஆனா மறுநாள் போட்டுல ஏற ஆள் வராது."

"சரி, நியாயந்தான். ஆனா போட்டுல போற ஆளுங்களவிட ஒரு வீடு கூடுதலா இருக்கே? அங்கேருந்து யாரும் கடலுக்குப் போகல. அத மட்டும் எடுத்துடுங்க."

பட்டியலில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன்.

"அது எங்க வீடு சார்."

வீட்டுக்காரருக்கு முதுகு போன பிறகும் எங்களுக்குப் பை நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கூச்சமாக இருந்தது, அழுகையும் வந்தது. சார் மறுபடி அதை எடுக்கச் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார்.

தேறிவிட்டேன். வேலை உறுதியானதும் ஹார்பருக்குப் போனேன். ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த அண்ணனிடம், இனி எங்களுக்குப் பை வேண்டாம், மாதிரியிலிருந்தும் எங்கள் வீட்டை எடுத்துவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"ஒன் கம்ப்யூட்டர்லேருந்து எடுத்துக்க. போட்டுலேருந்து எடுக்க முடியாது. மாப்ள ஏறுன போட்டு இது."

பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.