கண்ணையன் வீட்டு வெந்நீர் மிஷின்

என் தம்பி கண்ணையன் எதையெல்லாம் ஜெயித்தான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்து, இனிமேல் தேறாது என்று கைவிட்ட பிறகு பிழைத்தான். சொந்தமாகக் காணி நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, காடாம்புலியூர்ப் பக்கம் அடுத்தவர் தோப்பில் முந்திரிக் கொட்டை பொறுக்கி வளர்ந்தவன், நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். ஆள் ஒல்லி என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய மேஸ்திரியே மூன்றாவது முறை ஆள் விட்டுக் கூப்பிட்டார். நிலக்கரி ஏறிப் போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை அள்ளி மேலே போடும் வேலை. அந்த வேலையில் இருந்தபோதே பிரபாவதியைக் கட்டினான். கான்ட்ராக்ட்காரனுக்கா பெண் கொடுப்பது என்று குதித்த அவளுடைய மாமன், கல்யாணத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறினார். தலை நரைத்த பிறகு பர்மனென்ட் ஆனான். கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தான். நகரியத்துக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டினான். பீடியை விட்டான். எல்லாவற்றிலும் அதுதான் கஷ்டம் என்று அவனே சொல்வான்.

தோற்றது காதில்தான். பெல்ட் ஓடும்போது உருளைகள் போடும் கூச்சலுக்குப் பக்கத்திலேயே அவன் வாழ்நாள் போயிற்று. காது மந்தம் என்று தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லப் பழகினான். பர்மனென்ட் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வருஷம் ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவனிடம் சொன்னதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஆள் தூங்குகிற வீட்டு கேட்டில் ஒரு துண்டு கட்டியிருக்கும். துண்டைப் பார்த்தால் கீரைக்காரர் கூவமாட்டார், பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள், கேஸ் சிலிண்டர்காரர்கூட உருட்டாமல் தூக்கிக்கொண்டு போவார். கண்ணையன் வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தத் துண்டு அவனைத் தூங்க வைத்தது. ரிட்டயர் ஆனதும் அந்தக் காவலை அவன் எடுத்துக்கொண்டான். காலையில் கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவான். யார் வாயைத் திறந்தாலும் உதட்டில் விரலை வைத்து, பக்கத்து வீட்டு கேட்டில் தொங்கும் துண்டைக் காட்டுவான்.

அந்தப் பக்கத்து வீடு சுபாஷுடையது. தென்காசிப் பக்கத்துப் பையன், சுரங்கத்தில் மிஷின் ஓட்டுகிறான். மனைவி உமாராணி. கண்ணையனை இருவரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசியில் பிரபாவதிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிற்று. வெந்நீரில் குளிக்க வேண்டும், கையை வெந்நீரில் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பக்கெட்டில் போடும் ஹீட்டர் ஒருமுறை அவளுக்கு ஷாக் அடித்திருந்தது. புதுச்சேரியில் நர்ஸாக இருக்கும் மகள் போனில், "ஹீட் பம்ப் வாங்கிடுங்கப்பா, கரண்டு கம்மியா இழுக்கும்" என்றாள். கண்ணையன், பிரபாவதி, நான் மூவரும் வடலூரில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மருதாசலம் கோயம்புத்தூர்ப் பக்கம். கண்ணையன் டேங்கை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தான்.

"இதுக்குள்ள சூடாக்குற கம்பி எங்கங்க இருக்குது?"

"கம்பியில்லீங்ணா. ஃபிரிட்ஜ் உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளுதில்லீங்களா? இது வெளிக்காத்துல இருக்கிற சூட்டை எடுத்து டேங்க் தண்ணிக்குள்ள விடுமுங்க."

"நெய்வேலிக் காத்துல சூட்டுக்கா பஞ்சம்? அப்ப எங்க வூட்ல இது கரண்டே இல்லாம ஓடணுமே!"

மருதாசலம் சிரித்துவிட்டு இரண்டு மாடல் காட்டினார். ஒரே கம்பெனி, ஒரே அளவு டேங்க், ஒரே வெள்ளை நிறம். வித்தியாசம் வெளியில் மாட்டுகிற பெட்டியில்தான். ஒன்று ஒரே வேகத்தில் ஓடி, சீக்கிரம் சூடாக்கும். கொஞ்சம் சத்தம் இருக்கும். இன்னொன்று வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நேரமாகும், சத்தம் இருக்காது. கடைக்குப் பின்னால் இரண்டையும் ஓடவிட்டுக் காட்டினார்.

முதல் பெட்டி இரைந்தது. லாரி நின்ற இடத்திலேயே உறுமுகிற மாதிரி ஒரு இரைச்சல். கண்ணையன் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனான். அடுத்ததற்கும் அப்படியே செய்தான். நிமிர்ந்தான்.

"சத்தம் சத்தம்னு சொல்றீங்க, எங்கங்க சத்தம்? ரெண்டும் ஒண்ணாத்தான் ஓடுது."

மருதாசலம் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிரபாவதி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வெளி ஆள் முன்னால் அவனை எப்படிச் சொல்வது?

"அப்ப சீக்கிரம் சூடாவுறதையே போடுங்க. இவ கை வலியில கெடக்குறா, எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்?" என்றான்.

பில்லில் கையெழுத்துக் கேட்டபோது, "அக்கா, நீயே போடு" என்று பேனாவை என் பக்கம் தள்ளினான். அவன் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தன் பெயரை எழுதத் தெரியும். சுரங்கத்துக்குப் போட்டுப் போகிற ஹெல்மெட்டில் பெயின்டால் அவனே எழுதியிருந்தான். முதல் சம்பளத்தன்று அவன் வாயைத் திறக்கும் முன்பே மை டப்பாவை முன்னால் நீட்டிவிட்டார்கள். அவனும் விரலை வைத்துவிட்டான். பிறகு பாங்கிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பெட்டியை மாட்ட வெளிக்காற்று வேண்டும் என்றார்கள். கண்ணையன் வீட்டுக்கும் சுபாஷ் வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் மாட்டினார்கள். பகலில் காற்று சூடாக இருக்கும்போது ஓடினால் கரண்டு இன்னும் குறையும் என்று மாட்ட வந்தவர் சொல்ல, பத்து மணிக்கு மேல் ஓடும்படி வைத்தான். பிரபாவதிக்குக் கை வீக்கம் வற்றியது. அவள் டம்ளரைப் பிடித்துக் காபி குடிப்பதை அவன் பக்கத்தில் நின்று பார்த்ததை நான் பார்த்தேன்.

பொங்கல் முடிந்த வாரம், சுபாஷ் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றான். ஷிஃப்ட் முடித்து வரும்போது வண்டி சறுக்கிவிட்டதாகச் சொன்னான்.

"வண்டியா சறுக்குச்சு? கண்ணு சொருகியிருக்கும்!" என்று கண்ணையன் அவனைப் பிடித்துக்கொண்டான். "நைட்டு பாக்குறவன் பகல்ல செல்லை நோண்டக் கூடாது தம்பி. ஒழுங்காத் தூங்கணும். இங்க ஒரு ஈ, காக்கா சத்தம் போடாம நான் பாத்துக்கினு இருக்கேன். அப்புறம் உனக்கு என்னா?"

சுபாஷ் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்து கட்டினான்.

அதற்கு மறுநாள் மீன்காரம்மா வந்தார். கூடையை இறக்கி, "மத்தீ..." என்று தொடங்கும்போதே கண்ணையன் எழுந்துவிட்டான். உதட்டில் விரல். துண்டைக் காட்டினான். அந்த அம்மா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார்.

"நல்லாத்தான் காவ காக்குற அண்ணே! உன் வூட்டு மிசினு போடுற கூச்சல்ல என் தொண்டை யாருக்குக் கேக்கப் போவுது? தெருமுனை வரைக்கும் இரைஞ்சிக்கினு கெடக்குது. மொதல்ல அது வாயில வெரல வையி!"

எதிர்வீட்டு வாசலில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணையனும் சிரித்தான். பிறகு அவர்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். நான் பிரபாவதிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மிசினு சத்தம் போடுதா?" என்று அவளைக் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அங்க என்னாத்துக்குப் பாக்குற? உன்னைத்தான் கேக்குறேன்."

"போடுதுங்க," என்றாள்.

"ரொம்பவா?"

அவன் சந்துக்குப் போனான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி, சுபாஷ் படுக்கும் அறையின் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் பிடித்தான். உருளை கெட்டுப்போயிருக்கிறதா என்று பெல்ட்டின் இரும்புச் சட்டத்தில் கை வைத்துப் பார்ப்பது அவர்கள் வேலையில் பழக்கம். அப்படித்தான் பிடித்திருந்தான். கம்பி அவன் கையில் அதிர்ந்தது. ஜன்னலின் உள்பக்கம் மெத்தைத் துணியை மடித்து இடுக்கில் அடைத்திருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சுவிட்சை அணைத்தான்.

அன்று சாயங்காலம் சுபாஷ் எழுந்து துண்டை அவிழ்க்கிற வரைக்கும் காத்திருந்து, அவர்கள் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?"

சுபாஷ் தரையைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணே. அப்புறம் தெரியலைன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"ரெண்டு தடவை சொல்லணும்னே வெளிய வந்தேன் அண்ணே," என்றாள் உமாராணி. "நீங்க கேட்டுல நின்னு கீரைக்காரரை வெரட்டிக்கிட்டு இருந்தீங்க. இவரு தூங்கணும்னு நீங்க படுற பாட்டைப் பாத்து எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. திரும்பி உள்ள போயிட்டேன்."

"அன்னிக்கு வண்டியில..." என்று கண்ணையன் ஆரம்பித்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. காயம் ஆறிருச்சு." சுபாஷ் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நான் நைட்டு பாக்குற வாரம் மட்டும் பகல்ல போடாம இருங்க, போதும்."

வெளியே வந்து கண்ணையன் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். "இவன் வாரம் இல்லன்னா எதிர்வூட்டுக்காரன் வாரம் அக்கா. இந்த ஊர்ல எந்த நேரத்துலயும் எவனாவது ஒருத்தன் தூங்கிக்கினுதான் இருப்பான். அப்படித்தான் எல்லாரும் சேந்து என்னைத் தூங்க வச்சாங்க. நான் அந்தப் புள்ளையை ரோட்டுல வுழ வச்சேன். வுழுந்தவனுக்குப் புத்தி வேற சொன்னேன்."

இரண்டு நாள் அவன் கேட்டுக்கு வரவில்லை. நாற்காலி சமையலறைக்குள் கிடந்தது. அடுப்பில் தண்ணீர் காயவைத்துப் பிரபாவதிக்கு அவனே சுமந்து கொடுத்தான். வாசலில் மீன்காரம்மா, "காவக்காரரு லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனது அவன் காதில் விழவில்லை. விழாதது நல்லது என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை மறுபடி வடலூருக்குப் போனோம். மருதாசலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னார்.

"கவலப்படாதீங்ணா. மாத்தித் தந்தர்லாம். மிஷின்ல பழுதுன்னு நானே எழுதிக்கறேன். கம்பெனி ஒண்ணும் கேக்காம வாங்கிக்கும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் வராதுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். பிரபாவதி நிம்மதியாக மூச்சு விட்டாள். கண்ணையன் கடையைச் சுற்றிப் பார்த்தான். கடையில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் இரண்டு வேலையாட்களும் இருந்தார்கள்.

"மிசின்ல பழுது இல்லீங்க," என்றான். தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாது. கடை முழுக்கக் கேட்டது. "பழுது என் காதுல. எனக்குக் காது கேக்காது. அன்னிக்கே நீங்க சொன்னீங்க, எனக்குத்தான் கேக்கல. கேக்காதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட்டேன். அப்படியே எழுதுங்க. வர்ற நஷ்டம் எனக்கு வரட்டும்."

மிக்ஸி பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரபாவதி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவன் வாயால் அதைச் சொல்லி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

மருதாசலம் ஒரு தாளில், வாங்கியவர் தன் தவறான தேர்வினால் மாடலை மாற்றிக்கொள்கிறார் என்று எழுதினார். உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு, போன முறை நான் போட்டது ஞாபகம் இருந்ததால், பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் கையை நீட்டினேன்.

"இரு அக்கா," என்றான் கண்ணையன். "தப்பு நான் பண்ணது. நீ எதுக்குப் போடுற?"

பேனாவை வாங்கி, ஹெல்மெட்டில் பெயின்ட் பிரஷ் பிடித்த மாதிரியே பிடித்தான். எழுத்துகள் பெரிதாக வந்தன. 'ணை' எழுத்தில் ஒருமுறை நின்று, பார்த்து, மேலே போனான். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கோட்டுக்கு வெளியே போயிற்று. புள்ளியை மட்டும் அழுத்தி வைத்தான்.

"கீழ தேதி போடணுமுங்ணா," என்றார் மருதாசலம்.

"இன்னிக்கு என்னா தேதி அக்கா?" என்று என் உதட்டைப் பார்த்தான். சொன்னேன். ஒவ்வோர் எண்ணாக எழுதினான்.

22-1-2025.