சாஜிதா அக்காவின் எக்ஸ்

உலகத்தில் பெரிய சக்தி இரண்டுதான். ஒன்று டெல்லி, இன்னொன்று ஜெனீவா. இரண்டையும் சாஜிதா அக்கா ஒரு நீல ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடி, தோளில் மாட்டிக்கொண்டு, திருவையாற்றுப் பக்கத்துத் தெருக்களில் செருப்புத் தேய நடந்தவர். அவர் "வாயைத் திற" என்றால் ஐந்து வயதுக்குள் இருக்கிற எந்த மகாராஜாவும் திறந்தாக வேண்டும்.

சும்மா சொல்லவில்லை. போலியோ சொட்டு மருந்து அரசாங்கத்தினுடையது. ஊர் ஊராக வந்து சரிபார்ப்பது ஜெனீவாவில் இருக்கிற உலக சுகாதார அமைப்பு. எங்கேயோ கிளம்பின அந்தச் சீசா கடல் தாண்டி, டெல்லி தாண்டி, வழியெல்லாம் சூடு படாமல் வந்து கடைசியில் நிற்பது அங்கன்வாடி சாஜிதா அக்காவின் இரண்டு விரலுக்கு நடுவில். நினைத்தால் மூச்சு முட்டும்.

வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் போட்டாகிவிட்டால் கதவில் சாக்பீஸால் பி. ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் எக்ஸ். அந்த வருஷம் தெரு முழுக்க பி, ஒரே ஒரு கதவில் எக்ஸ். மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஆனந்தம் என்கிற பெண், தன் குழந்தை ஹம்சத்வனிக்குச் சொட்டு வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

சுகாதார ஆய்வாளர் சாமிதுரை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"வெளிநாட்டு டாக்டரம்மா சரிபார்க்க ஜீப்புல வந்துக்கிட்டிருக்காங்க. அந்த எக்ஸை அழிச்சு பி போடும்மா. நாட்டு மானம்."

"எக்ஸ் இருந்தா அந்த வீட்டுக்கு மறுபடி ஆள் வரும் சார். பி போட்டுட்டா யாரும் வர மாட்டாங்க. புள்ள அப்படியே விட்டுப்போயிடும்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் அக்கா. சாக்பீஸைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

ஜீப் வந்தது. டாக்டரம்மா பி போட்ட வீடுகளில் பிள்ளைகளின் இடது சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்து, எக்ஸ் முன்னால் நின்றார். சாமிதுரை கர்ச்சீப்பை எடுத்தார். திட்டு விழும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தம்மாவோ சாஜிதா அக்காவைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் சொன்னார். சாமிதுரையே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"இந்த எக்ஸ் இருக்கிறதாலதான் மத்த பி எல்லாத்தையும் நம்ப முடியுதாம். ஆனா அவங்க பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதானாம். கதவைத் தட்டுறதும் சொட்டு விடுறதும் இந்த நாட்டு அரசாங்கத்தோட கையாம். உன்னைத் தட்டச் சொல்றாங்க."

அரசாங்கத்தின் கை அப்போது வேர்த்துப் போயிருந்தது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு தட்டியது.

ஆனந்தம் பாதிக் கதவு திறந்தாள். "மஸ்கட்ல பெரிய ஆஸ்பத்திரியில போட்டாச்சுங்க. திரும்பத் திரும்ப எதுக்கு?"

"அது உங்க புள்ளைக்குப் போட்டது. இது ஊருக்கே சேர்த்துப் போடுறது. உங்கப்பா வயல்ல மட்டும் எலி பிடிச்சா என்னம்மா ஆகும்?"

"வரப்பு தாண்டி அடுத்த வயலுக்கு ஓடும்."

"அறுப்புக்குத் திரும்பி வரும். ஊரே ஒண்ணா பிடிச்சாத்தான் அடங்கும். இந்தக் கிருமியும் அப்படித்தான். ஒதுங்க ஒரு வாய்கூட இருக்கக் கூடாது."

ஆனந்தம் ஜீப்பைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். "வெளிநாட்டுக்காரங்களும் இதைத்தான் சொல்றாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன்."

பிறகு கதவின் மறுபாதியும் திறந்தது. இரண்டு சொட்டு. குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டது. அக்கா அதன் சுண்டுவிரலில் மை வைத்து, எக்ஸைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் பி எழுதினார். கடல் தாண்டி வந்த டாக்டரம்மா அந்தச் சாக்பீஸ் எழுத்தைக் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்.

இதுவரை எழுதியதைச் சாஜிதா அக்காவிடம் படிக்கக் கொடுத்தான் எழுதியவன். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டுக் காகிதத்தை மடியில் வைத்தார்.

"ஏண்டா, ஆனந்தம் 'என்கிற பெண்'ணா? உன் கூடப் பொறந்த அக்காதானே? புள்ள வீறிட்டப்போ கதவுக்குப் பின்னாடி நின்னு நீயும் அழுதியே, அது எங்கடா?"