கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி

எங்கள் கடையில் அவளுக்குப் பெயர் டேப் அக்கா. ஜன்னலுக்குத் திரை தைக்கிற கடை. பத்தொன்பது வருஷமாக அளவு டேப் அவள் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. அதோடுதான் சாப்பிடுவாள், அதோடுதான் பஸ் ஏறுவாள். யார் வீட்டு ஜன்னல் எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொந்தமாக மட்டும் ஒரு ஜன்னல் கிடையாது.

நான் அவளுக்கு அடுத்த மெஷின். அதனால் இந்த விஷயம் எனக்குத் தெரிந்த அளவு அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாது.

ஏழு வாடகை வீடு பார்த்தவள். ஏழிலும் முதல் சட்டம் ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் திரை போடுகிறவள் தன் வீட்டு ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தாள். ஏழாவது வீட்டுக்காரர், மகள் வருகிறாள், காலி பண்ணுங்கள் என்று சொன்ன மறுநாள், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"எட்டாவது வீடு என்னுதா இருக்கணும். யாரும் என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாத வீடு."

நம் சம்பளத்துக்கா என்று மனதுக்குள் சிரித்தேன். அவள் புருஷன் பஸ் டிரைவர். அவர் வெளிப்படையாகவே சிரித்தாராம். "நான் ஓட்டுற பஸ் என்னுதா? அதுக்காக ஓட்டாமலா இருக்கேன்? வீடும் அப்படித்தான்." இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு தட்டில் விழுந்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அவள் பிடித்த பிடியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு பார்க்கப் போனாள். கடைசியில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட் அமைந்தது. ஒரு ஹால், ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. பாங்க் கடன் கொடுக்கும், ஆனால் முன்பணம் கையில் இருக்க வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் பாதிதான் தேறியது.

மீதியை அனுப்பியது தம்பி. அவன் வெளிநாட்டில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டிலில் அவனுக்கு மேல் கட்டில். அக்கா கேட்கவே இல்லை. வீடு பார்த்த கதையை போனில் சொன்னாள், பத்து நாளில் பணம் வந்துவிட்டது. "வச்சுக்கோக்கா, திருப்பித் தர வேணாம்" என்று ஒரே பேச்சு. அன்றைக்கு அக்கா ஒரு திரையைத் தலைகீழாகத் தைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். சாப்பாட்டு வேளையில் கனமான கருநீலத் துணி ஒன்றை, உள்ளே இரட்டைத் துணி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். பில்லும் இல்லை, ஆர்டர் சீட்டும் இல்லை.

"யாருக்குக்கா இது?"

"ஒரு ஆளுக்கு. வரும்போது வரட்டும். அவசரம் இல்ல."

அடுத்துதான் பாங்க் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பது இதற்குத்தான் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து இவ்வளவு பணம் வந்திருக்கிறதே, கொடுத்தவரிடம் கடிதம் வேண்டும் என்றார் கடன் பிரிவு மேடம். இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், இந்த வீட்டில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதி, அங்கே அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அசலை அனுப்ப வேண்டும். தம்பி அரை நாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நின்று அனுப்பி வைத்தான். கடிதம் வந்ததும் அக்கா கடையிலிருந்து நேரே பாங்க்குக்கு ஓடினாள். நானும் துணைக்குப் போனேன்.

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பக்கத்தின் அடியில் விரல் நின்றது.

"இது என்னம்மா?"

கையெழுத்துக்குக் கீழே பேனாவால் தம்பி எழுதியிருந்தான்: 'நான் வரும்போது சின்ன ரூம் எனக்குத்தான்.'

அக்கா சிரித்துவிட்டாள். "விளையாட்டுக்கு எழுதியிருக்கான் மேடம். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

மேடம் சிரிக்கவில்லை. "மேல பாத்தியதை இல்லைங்கறார். கீழ ரூம் எனக்குங்கறார். இது நிபந்தனை ஆயிடும்மா. நான் ஒத்துக்கிட்டாலும் மேலிடத்துல திருப்பிடுவாங்க. வேற கடிதம் வாங்குங்க. இல்லன்னா தம்பி பேரையும் பத்திரத்துல சேர்த்துடுங்க."

வீட்டை விற்கிறவர் கொடுத்த கெடுவுக்குப் பதினொரு நாள் பாக்கி. அது தாண்டினால் வேறு ஆள் ரெடி. அன்று புருஷனும் அதையே சொன்னார். "அவன் பேரையும் சேர்த்துடு. உன் தம்பிதானே, வேத்தாளா?"

"என் தம்பிதான். அவனுக்கு ரூம் குடுப்பேன். சோறு போடுவேன். வீட்ல பங்கு குடுக்க மாட்டேன்" என்றாள் அக்கா. இதை மறுநாள் என்னிடம் சொன்னபோது எனக்கே கொஞ்சம் சுருக்கென்றது. பணம் கொடுத்தவனுக்கு இல்லாத பங்கா? கேட்டே விட்டேன்.

"ரெண்டு பேர் பேர்ல இருந்தா, நாளைக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் நடக்கும். அவனுக்கு ஒரு கல்யாணம், அந்தப் பொண்ணுக்கு ஒரு நெனப்பு. நான் மறுபடியும் ஒருத்தர் முகத்தப் பார்த்துக்கிட்டு நிக்கணும். ஏழு வீட்ல நின்னது போதும்."

சாப்பாட்டு வேளையில் தம்பிக்குப் போன் போட்டாள். கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த ஒரு வரி இல்லாம மறுபடி எழுதி அனுப்புடா. பாங்க்ல ஒத்துக்கல."

"ஒரு வரிதானேக்கா? அதுல என்ன இருக்கு?" அவன் குரல் இறங்கிவிட்டது. "நாலு வருஷம் உன் சமையக்கட்டுல, சிலிண்டர் பக்கம் காலை நீட்டிப் படுத்தவன் நான். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து, வெயில் மூஞ்சில அடிக்கும்னு துண்டப் போட்டுக்கிட்டுத் தூங்குவேன். ஒரு கதவு வச்ச ரூம் வேணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா? அப்ப நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

அக்கா துணியை மடியில் வைத்தாள்.

"ஆமாடா. விருந்தாளிதான். இத்தனை வருஷத்துல என் வீட்டுக்குன்னு ஒரு விருந்தாளியக் கூப்பிட எனக்கு முடிஞ்சிருக்கா? வீட்டுக்காரர் என்ன சொல்வாரோன்னு ஒருத்தரக்கூடக் கூப்பிட்டதில்ல. மொதல்ல அது என் வீடா ஆகணும். அப்பதான் உன்னை வாடான்னு கூப்பிட முடியும். அந்த வரிய எடுத்துட்டு எழுது."

அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த ஒரு வாரம் அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. விட்டுக்கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். கடை நேரத்தில் அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தினமும் மேடத்துக்குப் போன் செய்து கடைசி நாளை உறுதி செய்துகொண்டாள். விற்கிறவர் வீட்டுக்கே போய், ஒரு நாள்கூடத் தள்ளாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாக்கு எந்த தைரியத்தில் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கூரியர் கடைக்கே வந்தது. பிரித்தாள். பாங்க் கேட்டது மட்டும் இருந்தது. நாலு வரி, கையெழுத்து, முத்திரை. கீழே வெறும் தாள். 'அக்கா' என்ற ஒரு வார்த்தைகூட இல்லை.

அதைப் பார்த்துத்தான் அழுதாள். இத்தனை நாளில் அழாதவள், வெட்டுமேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

"இவ்வளவு மொட்டையா எழுதிட்டானே. நான்தான் கேட்டேன். கேட்டது வந்துடுச்சு. அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்கு?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடிதத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடங்காமல் பாங்க்குக்குக் கொண்டு போனாள். கெடு நாளன்று பத்திரம் அவள் பேரில் பதிவானது.

சாவி வாங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் வரச் சொன்னாள். சாமான் இன்னும் வரவில்லை, வீடு காலி. டிரைவர் மாமா சுவர் சுவராகத் தட்டிப் பார்த்து, "எங்க வேணா ஆணி அடிக்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தம்பிக்கு வீடியோ போட்டாள். மேல் கட்டிலில் சாய்ந்தபடி அவன் முகம் தெரிந்தது. வாழ்த்தினான். ஆனால் குரலில் உயிர் இல்லை.

ஹாலைக் காட்டினாள், சமையலறையைக் காட்டினாள். பெரிய அறையிலும் ஜன்னல் மொட்டையாகத்தான் இருந்தது. பிறகு சின்ன அறைக் கதவைத் தள்ளினாள்.

வீட்டிலேயே அந்த ஒரு ஜன்னலில்தான் திரை தொங்கியது. கருநீலம், உள்ளே இரட்டைத் துணி. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த அறை ராத்திரி மாதிரி இருட்டாக இருந்தது. வீட்டை முதல்முதலாகப் பார்க்கப் போன அன்றே, விலை பேசுவதற்கு முன்னால் இந்த ஜன்னலைத்தான் அளந்தாளாம். பாங்க் கடிதம் கேட்பதற்கு எத்தனையோ நாள் முன்னால்.

சாய்ந்திருந்தவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"அது யாரு ரூம்க்கா?"

"பேர எழுதினா பாங்க்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்கடா. எப்ப வர்ற?"