பச்சைத்தண்ணி மேடம்

நகராட்சி சுகாதாரப் பிரிவில் அவள் பார்த்த வேலையை நாலு பேர் முன்னால் சொல்ல அவளுடைய கணவனுக்குக் கூச்சம். விருந்தில் யாராவது கேட்டால் முந்திக்கொண்டு, "ஹெல்த் டிபார்ட்மென்ட்ல இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றப் பார்ப்பான். அவளோ சாப்பிட்டுக்கொண்டே, செப்டிக் டேங்க் எப்படிக் கசியும், கசிந்தது எப்படிக் கிணற்றுக்குப் போகும் என்று விளக்க ஆரம்பித்துவிடுவாள். பக்கத்து நாற்காலிக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார்.

புதிய விதி வந்த வருடம் அவளுக்கு வேலை இரட்டிப்பானது. சொந்தக் கிணறும் செப்டிக் டேங்க்கும் உள்ள எல்லா வீடுகளையும் சோதிக்க வேண்டும். டேங்க் கசிந்தால் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நோட்டீஸ். விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மழைக்காலம் வந்தாலே ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள்காமாலை. அதிலும் அவள் குடியிருந்த தெருவில்தான் அதிகம். போன மழைக்கு அவளுடைய மகளே கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பரீட்சையும் போயிற்று.

தெருவில் கூட்டம் என்றால் அவளுடைய பக்கத்து வீட்டு மரக்கடைக்காரர் கொட்டகையில்தான். பலகைகளை அடுக்கி எல்லோரையும் உட்காரவைத்தவர், அவள் பேசி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"எங்கப்பா வெட்டின கிணறும்மா அது. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். என் வீட்டு கக்கூஸ்ல சர்க்காருக்கு என்ன வேலை?"

கொட்டகை சிரித்தது.

"கண்ணாடி மாதிரிதான் இருக்குண்ணே. கிருமி கண்ணுக்குத் தெரியாதே!"

"ஊரைத் திருத்துறது இருக்கட்டும். முதல்ல உன் வீட்டைப் பாரு."

"சரி. என் வீட்லேருந்தே ஆரம்பிக்கறேன். எல்லாரும் வந்து பாருங்க."

துணிந்து சொன்னதற்குக் காரணம், அவள் வீட்டு டேங்க்கை முன்னால் நின்று கட்டவைத்தது அவளுடைய கணவன். லேத் பட்டறைக்காரன், இம்மி பிசகாமல் இரும்பு கடைபவன். "டேங்க்கா அது? கோட்டை!" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாதித் தெரு அவள் வீட்டு முற்றத்தில் நின்றது. அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். செங்கல் நிறப் பொடி. தண்ணீர் பட்டால் பச்சையாகிவிடும், உடம்புக்குக் கெடுதல் இல்லை, இதைக் கழிப்பறையில் போட்டால் எந்தக் கிணற்றிலும் தலைகாட்டக் கூடாது, காட்டினால் டேங்க் கசிகிறது என்று அர்த்தம் என்று விளக்கிவிட்டு, உள்ளே கொட்டி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். அதன் பிறகு தினமும் காலையில் கண்ணாடிப் பாட்டில்களோடு கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான்.

அப்புறம் ஒரு நல்ல மழை பெய்தது. மறுநாள் விடிந்ததும் மரக்கடைக்காரர் மனைவி போட்ட கூச்சலில் தெருவே எழுந்துகொண்டது. இறைத்த வாளியில் தண்ணீர் கிளிப்பச்சையாக மின்னியது.

மரக்கடைக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வாசலுக்கு வந்தார். பின்னால் ஒரு பெரிய கூட்டம்.

"எங்க அந்த மேடம்? குடிக்கப் பச்சைத்தண்ணி கேட்டா நிஜமாவே பச்சையா குடுக்கறாங்கய்யா!"

சிரித்தவர்கள் சிரித்தார்கள், திட்டியவர்கள் திட்டினார்கள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது: பச்சைத்தண்ணி மேடம்.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் மரக்கடைக்காரரின் பேத்தியும் போன மழைக்குப் படுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தபோது, அவமானம் பின்னால் போய்விட்டது. வாளியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க வீட்டுதுதாண்ணே. சந்தேகமே இல்ல."

அவள் உள்ளே போய், தன் வீட்டு எண்ணுக்கே நோட்டீஸ் எழுதி, பசை தடவி, தன் கேட்டிலேயே ஒட்டினாள்.

கணவன் கொதித்துப்போனான். "கட்டின புருஷனுக்கே நோட்டீஸா? நாளைக்குப் பட்டறையில எவன்டி என்னை மதிப்பான்?"

"மரக்கடை அண்ணனோட பேத்தி வயித்துக்குள்ள போன கிருமி, இது பட்டறைக்காரர் வீட்டுதுன்னு மரியாதை பாத்துச்சா?"

மறுநாள் காலை அவன் கடப்பாறையும் கயிறுமாக வந்து டேங்க் மூடியை நெம்பத் தொடங்கினான். தானே இறங்கி ஓட்டையை அடைத்துவிடும் வேகம். அவள் போட்ட சத்தத்தில் கடப்பாறை கைநழுவி விழுந்தது.

"இறங்கினீங்கன்னா என்னை உயிரோட பாக்க மாட்டீங்க! உள்ள இருக்கற காத்து ஒரே மூச்சுல ஆளைச் சாய்ச்சிடும்!"

கழிவுநீர் லாரி வந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தது. மேலிருந்தபடியே கழுவி, காற்றாட விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாலு பக்கமும் சுவர் ஜோராக நின்றது. கீழே வெறும் மண். இவன் பட்டறைக்குப் போன நேரம் பார்த்துக் கொத்தனார் தளம் போடாமலே மேலே மூடிவிட்டிருக்கிறார்.

எட்டிப் பார்த்த மகள் சொன்னாள்: "அப்பா, உங்க கோட்டைக்குத் தரையே இல்ல."

முதலில் சிரித்தது அவன்தான்.

கான்கிரீட் தளம் போட்டு, சுவரெல்லாம் நீர் கசியாதபடி பூசி, டேங்க்கிலிருந்து வெளியேறும் நீரை வாங்கும் உறிஞ்சுகுழியைக் கிணறுகளுக்கு எட்டாத மூலைக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை அவன் அங்கிருந்து நகரவே இல்லை. மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு மரக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த அன்று மாலை மெதுவாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி... அந்தப் பொடி மிச்சம் இருக்கா?"

அவர் வீட்டில் போட்ட பச்சை, அவருக்கு அடுத்த வீட்டுத் தையல்காரர் கிணற்றில் வந்தது. அவள் வீட்டுக் கிணற்றிலும் வந்தது. மரக்கடைக்காரர் கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப உன் பொண்ணு படுத்தது..."

"உங்க பேத்திக்கு எங்க வீட்லேருந்து போச்சு, என் பொண்ணுக்கு உங்க வீட்லேருந்து வந்துச்சு. யாரை யாரு குத்தம் சொல்றது? அடைப்போம், வாங்கண்ணே."

அதன் பிறகு யாரையும் அவள் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வீடாகப் பொடி போட்டார்கள், ஒவ்வொரு டேங்க்காக உடைத்துக் கட்டினார்கள். கிணறுகளை இறைத்து பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முதல் பதில், கிருமி இருக்கிறது என்பதுதான். தெருவே சோர்ந்து உட்கார்ந்துவிட்டது. அவள் உட்காரவில்லை. மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கி, தெருக்கோடி வீட்டில் மண்ணுக்குள் உடைந்து கிடந்த ஒரு குழாயைக் கண்டுபிடித்தாள். அதையும் மாற்றினார்கள்.

மழைக்காலம் வந்தது. அடித்துப் பெய்தது. ஒரு குழந்தையும் படுக்கவில்லை. ஆனாலும் அவள் ஆய்வுக்கூடத்தின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அந்தப் பதில் வந்த அன்று ஆபீசில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் தெருமுனையிலிருந்தே ஓடினாள். கனத்த உடம்பு. ஒரு செருப்பு அறுந்து எங்கோ போயிற்று. அவள் நிற்கவில்லை.

"சுத்தம்! எல்லா கிணறும் சுத்தம்!"

ஜன்னல்கள் திறந்தன. தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்போடு வெளியே வந்தார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் மாடியிலிருந்து விசில் அடித்தாள். கணவன் பட்டறைக் கறை படிந்த கையோடு ஓடிவந்து, நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க, அவளை அப்படியே தூக்கிவிட்டான்.

"ஐயோ, இறக்குங்க, மானம் போகுது!" என்று கத்தினாள். இறங்க மட்டும் அவசரப்படவில்லை.

அடுத்த தெருவில் கூட்டம் போட்டபோது அவளுக்குப் பேசவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒருவர் எழுந்து, "என் வீட்டுக் கிணத்துல உங்களுக்கு என்ன?" என்று தொடங்கியதுமே, முன்வரிசையிலிருந்து மரக்கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"யோவ், உட்காருய்யா! என் கிணறு பச்சையா போன கதையை முதல்ல கேளு!"

அந்தப் பொடியைத் தானே கண்டுபிடித்ததுபோல் அவர் முழங்கினார். கசிவு என்றார், உறிஞ்சுகுழி என்றார், டேங்க்குக்குள் ஆள் இறங்கினால் என்ன ஆகும் என்றார். அவள் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் எழுந்தாள்.

"முதல்ல யார் வீட்ல போடலாம்?"

கைகள் உயர்ந்தன. கேள்வி கேட்டவருடைய கையும்தான்.